அலை உள்ள கடலுக்கு ஒரு பழைய மீன்பிடிப் படகு: எதை நம்பி வாங்குவது?

நீலத்துடுப்பு:

எல்லோருக்கும் வணக்கம். ஆறு வருடமாக மற்றவர்களின் படகில் ஏறித் தூண்டில் போடப் போய்வருகிறேன். இப்போது சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். புதுப் படகுக்கு வசதி இல்லை, பழையதுதான்.

நாங்கள் போகும் பகுதியில் விடியற்காலையில் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும். பத்து மணிக்குமேல் காற்று எழும். திரும்பும்போது எப்போதும் எதிர்க்காற்றுதான். பெரிய அலை இல்லை, ஆனால் குட்டை அலை, ஒன்றின் முதுகில் ஒன்று. போன மாதம் நண்பரின் படகில் திரும்பி வரும்போது ஒரு அலையின் உச்சியிலிருந்து படகு அப்படியே விழுந்தது. என் பையனுக்குப் பன்னிரண்டு வயது, நாக்கைக் கடித்துக்கொண்டான். கரை வரும்வரை கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தான். அந்த மாதிரி படகு எனக்கு வேண்டாம்.

இரண்டு படகுகள் பார்த்து வைத்திருக்கிறேன்.

முதலாவது 19 அடி, ஆறு வயது. அடிப்பாகம் பின்னால் போகப் போகக் கிட்டத்தட்டத் தட்டை. 115 குதிரைத்திறன் எஞ்சின், அதிகம் ஓடாதது. மீன் காட்டும் கருவி, ஜிபிஎஸ் எல்லாம் பளபளவென்று இருக்கிறது.

இரண்டாவது 21 அடி, இருபது வயதுக்கு மேல். அடிப்பாகம் ஆழமான வி வடிவம். பழைய டூ ஸ்ட்ரோக்கைக் கழற்றிவிட்டு 150 குதிரைத்திறன் ஃபோர் ஸ்ட்ரோக் மாட்டியிருக்கிறார்கள். வெளியே நிறம் வெளுத்து, இருக்கை கிழிந்து, பார்க்கச் சகிக்காது.

இரண்டும் ஏறத்தாழ ஒரே விலை. எதை எடுக்கலாம்?

பழையஏரா:

தம்பி, எஞ்சினை மாற்றலாம், கருவியை மாற்றலாம், இருக்கையைத் தைத்துக்கொள்ளலாம். அடிப்பாகத்தின் வடிவத்தை மட்டும் யாராலும் மாற்ற முடியாது. நீங்கள் சொல்லும் கடலுக்கு இரண்டாவதைத்தான் முதலில் போய்ப் பார்க்க வேண்டும். பார்க்கத்தான் சொல்கிறேன், வாங்கச் சொல்லவில்லை. அதற்குள் நிறைய வேலை இருக்கிறது.

படகின் அடி, நடுக்கோட்டிலிருந்து இரண்டு பக்கமும் எவ்வளவு சாய்ந்து ஏறுகிறது என்பதை டெட்ரைஸ் என்பார்கள். பின்கோடியில் அளப்பதுதான் வழக்கம். படகு டிரெய்லரில் இருக்கும்போது பின்னால் குனிந்து, மட்டம் பார்க்கும் செயலி உள்ள கைபேசியை அடிப்பாகத்தில் ஒட்டிப் பிடித்தால் பாகை தெரிந்துவிடும். படகு ஒரு பக்கம் சாய்ந்து நின்றிருக்கலாம், அதனால் இடம் வலம் இரண்டும் அளந்து சராசரி எடுங்கள். 12 பாகைக்குக் கீழே இருந்தால் அமைதியான நீருக்கான படகு. 16 முதல் 19 வரை நடுத்தரம். 20 முதல் 24 வரை ஆழமான வி.

இந்த ஆழமான வி 1960இல் உலகத்துக்கே தெரிந்தது. ரே ஹன்ட் என்பவர் வரைந்த 31 அடிப் படகு மோப்பி. அமெரிக்காவின் மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் நாசோ நகருக்கு நடந்த பந்தயத்தில், கடல் கொந்தளித்த நாளில், மற்ற படகுகளை வெகுதூரம் பின்னால் விட்டு முதலில் போய்ச் சேர்ந்தது. அதுவரை வேகப்படகு என்றால் பின்பகுதி தட்டையாக இருக்கும் என்பதுதான் வழக்கம். அந்த அடியை வைத்துத்தான் பிறகு பெர்ட்ராம் 31 வந்தது. இன்று காற்றுக் கடலுக்கு என்று வரும் படகுகளில் பல அதன் வாரிசுகள்தான்.

தட்டையான அடி தண்ணீரின்மேல் விழும்போது உள்ளங்கையால் அறைவது மாதிரி. வி வடிவம் விழும்போது கையைப் பக்கவாட்டில் வைத்து இறக்குவது மாதிரி. தொட்டித் தண்ணீரில் இரண்டு விதமாகவும் கையை வைத்துப் பாருங்கள், உங்கள் பையனுக்கே புரிந்துவிடும்.

தனிப்படகு:

ஏரா அண்ணன் சொன்னதில் பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். மறுபாதியை யாராவது சொல்ல வேண்டும்.

ஆழமான வி ஓடும்போது சுகம். நின்றால் உருளும். நான் எஞ்சினை அணைத்துவிட்டு நீரோட்டத்தோடு மிதந்துகொண்டே தூண்டில் போடுபவன். நாற்பது நிமிட ஓட்டம், ஐந்து மணி நேர மிதப்பு. 23 பாகைப் படகு ஒன்றை இரண்டு வருடம் வைத்திருந்தேன். பக்கவாட்டு அலையில் அது ஆடிய ஆட்டத்தில், கூட வந்தவர்களில் பாதிப்பேர் வாந்தி எடுத்தார்கள். ஒருவர் பக்கச்சுவரில் சாய்ந்தால் படகே அந்தப் பக்கம் சாயும். இப்போது 18 பாகை, 20 அடி, நல்ல கனமான படகு. ஓட்டத்தில் கொஞ்சம் அடி வாங்குகிறேன், மிதக்கும்போது காலூன்றி நிற்க முடிகிறது. எனக்கு இதுதான் சரி.

பாகை ஒன்றை மட்டும் பிடித்துத் தொங்கக்கூடாது. மூன்று விஷயம் சேர்த்துப் பார்க்க வேண்டும். அணியம், அதாவது படகின் முன்முனை, எவ்வளவு கூர்மை என்பது ஒன்று. எதிரலையில் முதலில் வெட்டுவது அதுதான், பின்பகுதி இல்லை. எடை இன்னொன்று. ஒரே நீளம், ஒரே வடிவம் உள்ள இரண்டு படகில் கனமானதுதான் அலையில் அமர்ந்து போகும், லேசானது துள்ளும். மூன்றாவது ஓரவிளிம்பு, அதாவது சைன். அடியும் பக்கமும் சேரும் இடத்தில் அகலமான பட்டை கீழ்நோக்கி இறங்கியிருந்தால் உருளலும் குறையும், தெறிக்கும் நீரும் வெளியே தள்ளப்படும்.

நீலத்துடுப்பு, உங்கள் அலை எத்தனை விநாடிக்கு ஒன்று வருகிறது? அடுத்த முறை போகும்போது எண்ணிப் பாருங்கள். அலையின் உயரத்தைவிட எனக்கு அதுதான் முக்கியம்.

நீலத்துடுப்பு:

ஞாயிற்றுக்கிழமை எண்ணினேன் அண்ணா. மிதக்கும் குறியீட்டுக் கம்பம் ஒன்றைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, அது உச்சிக்கு ஏறும் தடவைகளைக் கணக்கெடுத்தேன். ஒரு நிமிடத்தில் பத்தொன்பது, இருபது. அதாவது மூன்று விநாடிக்கு ஒன்று. உயரம் என் இடுப்பு அளவு இருக்கும்.

தனிப்படகு:

அதுதான் விஷயம். ஆழ்கடலில் அலையின் நீளம் மீட்டரில் வேண்டுமென்றால், விநாடியை விநாடியால் பெருக்கி 1.56ஆல் பெருக்கினால் போதும். மூன்று விநாடி என்றால் சுமார் 14 மீட்டர். எட்டு விநாடி என்றால் 100 மீட்டர். ஒரு மீட்டர் உயரம் 100 மீட்டரில் பரவியிருந்தால் படகு ஏறி இறங்குவதே தெரியாது. அதே ஒரு மீட்டர் 14 மீட்டருக்குள் வந்தால் செங்குத்தான மேடு. உயரம் நீளத்தில் ஏழில் ஒரு பங்கை நெருங்கினால் அலை நிற்காது, உடைந்துவிடும்.

உங்கள் கடலில் 21 அடிப் படகு, அதாவது ஆறரை மீட்டர், ஒரு அலையின் சரிவில் இறங்குவதற்குள் அடுத்ததன் முகம் வந்துவிடும். அணியம் கூர்மையாகவும் உயரமாகவும் இருக்க வேண்டிய கடல் இது. என் 18 பாகையும் அதில் கஷ்டப்படும். உங்கள் தேவைக்கு ஏரா அண்ணன் சொல்வதுதான் பொருந்தும் என்று இப்போது எனக்கும் படுகிறது.

காற்றுத்திசை:

இழையை முதலிலிருந்து படித்தேன். எல்லோரும் படகு எப்படி அடிக்கிறது என்றே பேசுகிறீர்கள். நான் தன்னார்வ மீட்புக் குழுவில் பதினோரு வருடம் இருந்தவள். நாங்கள் இழுத்துவந்த சிறு படகுகளில் பெரும்பாலானவை எதிரலையில் அடிபட்டு மூழ்கியவை இல்லை. எஞ்சின் நின்றது, பின்பக்கம் அலைக்குத் திரும்பியது, பின்பலகைக்கு மேலாகத் தண்ணீர் உள்ளே வந்தது. இதே வரிசைதான், திரும்பத் திரும்ப.

500 லிட்டர் தண்ணீர் என்றால் அரை டன். அது ஒரே இடத்தில் நிற்காது. படகு இடப்பக்கம் சாய்ந்தால் மொத்தமும் இடப்பக்கம் ஓடும், சாய்வை இன்னும் கூட்டும். அடுத்த அலைக்குக் கவிழ்வதற்கு அவ்வளவு போதும்.

அதனால் அலைக்கடலுக்குப் படகு என்று வரும்போது நான் முதலில் பார்ப்பது தளம். தளம் நீர்மட்டத்துக்கு மேலே இருந்து, உள்ளே வந்த தண்ணீர் தானாக ஸ்கப்பர் ஓட்டைகள் வழியே வெளியேற வேண்டும். படகு தண்ணீரில் நிற்கும்போது கனமான இரண்டு பேரைப் பின்மூலையில் நிற்கச் சொல்லுங்கள். ஸ்கப்பர் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறி அவர்கள் செருப்பு நனைந்தால் அந்தப் படகு பின்பக்கம் கனத்துவிட்டது என்று அர்த்தம்.

நீலத்துடுப்பு, உங்கள் இரண்டாவது படகில் இதை அவசியம் செய்யுங்கள். அந்தக் காலத்துப் படகு அந்தக் காலத்து டூ ஸ்ட்ரோக்கின் எடைக்காக வரையப்பட்டது. அதே திறனுள்ள ஃபோர் ஸ்ட்ரோக் இருபது, முப்பது கிலோ கூடுதலாக இருப்பது சாதாரணம். அந்த எடை படகின் கடைக்கோடியில் தொங்குகிறது. கட்டியவர் உயரமாக வைத்த பின்பலகை, நீரிலிருந்து பார்த்தால் இப்போது தாழ்ந்து போயிருக்கும்.

பின்பலகை வெட்டப்பட்டிருக்கும் உயரத்தையும் அளந்து பாருங்கள். 20 அங்குல எஞ்சினுக்கு வெட்டியதா, 25 அங்குலத்துக்கா? அந்த ஐந்து அங்குலம் பின்னலையில் பெரிய வித்தியாசம். வெட்டுக்கு உட்பக்கம் தண்ணீரைத் தடுத்து வெளியேற்றும் தனித் தொட்டி இருந்தால் இன்னும் நல்லது.

எஞ்சின்பித்தன்:

மேலே அக்கா சொன்னதில் "எஞ்சின் நின்றது" என்பதை நான் எடுத்துக்கொள்கிறேன். எஞ்சின் நிற்காவிட்டால் அந்தக் கதையே தொடங்காது.

படகைப் பார்க்கப் போகும்போது முதலில் எஞ்சின் மூடியைக் கழற்றச் சொல்லிக் கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும். இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம்.

அப்புறம் கியர் எண்ணெய். கீழ்ப்பகுதியின் அடித்திருகைக் கொஞ்சமாகத் தளர்த்தி நாலு சொட்டு உள்ளங்கையில் விடுங்கள். பால் கலந்த மாதிரி வெளிறியிருந்தால் சீல் போய் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. திருகின் காந்தமுனையில் மெல்லிய தூள் ஒட்டியிருப்பது பரவாயில்லை, நகத்தில் எடுக்கிற அளவுக்குச் சில்லு இருந்தால் பல் உடைந்திருக்கிறது.

எல்லா சிலிண்டரிலும் அழுத்தம் பாருங்கள். எண் எவ்வளவு என்பதைவிட, ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பது முக்கியம். மூன்று சரியாக இருந்து ஒன்று மட்டும் விழுந்திருந்தால் வேண்டாம்.

எஞ்சினின் உலோகம் அரிக்காமல் தான் கரைவதற்காக மாட்டிய துத்தநாகக் கட்டிகளைப் பாருங்கள். பாதி கரைந்திருந்தால் வேலை செய்கிறது, மகிழ்ச்சி. பல வருடம் உப்புநீரில் கிடந்தும் புதுசுபோல் முழுதாக இருந்தால், மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் அல்லது மின்தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. அப்போது கரைந்தது கட்டி இல்லை, வேறு ஏதோ.

"அதிகம் ஓடாதது" என்று முதல் படகைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதைக் கேட்டு நான் மகிழ மாட்டேன். மாதத்துக்கு நாலு முறை ஓடி, ஒவ்வொரு முறையும் நன்னீரால் கழுவப்பட்ட எஞ்சின், ஒரு மழைக்காலம் முழுவதும் உப்போடு மூடிவைத்ததைவிட நல்ல நிலையில் இருக்கும்.

பழையஏரா:

எஞ்சினைப் பற்றி மேலே இருப்பது போதும். நான் என் கைவேலையைப் பற்றி எழுதுகிறேன். முப்பது வருடமாக ஃபைபர் படகுகளைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன்.

இருபது வயதுப் படகின் பின்பலகை பெரும்பாலும் வெறும் ஃபைபர் இல்லை. இரண்டு ஃபைபர் தோலுக்கு நடுவே பிளைவுட். மொத்த எஞ்சினும் அதில்தான் தொங்குகிறது. அந்தப் பிளைவுட் காய்ந்திருக்கும்வரை இரும்பு மாதிரி. எங்காவது ஒரு திருகு ஓட்டையில் பசை சரியாக வைக்காமல் விட்டால், வருடக்கணக்கில் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். வெளியே எதுவும் தெரியாது. ஒருமுறை வெளித்தோலை வட்டமாக வெட்டி எடுத்தபோது உள்ளே பலகை என்று ஒன்றுமே இல்லை. கறுத்த ஈரத்தூள், பிடித்துப் பிழிந்தால் விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது. அந்தப் படகு முந்தைய வாரம்வரை கடலுக்குப் போய் வந்தது. எஞ்சினைப் பிடித்துக்கொண்டிருந்தது இரண்டு பக்கத் தோலும் நாலு போல்ட்டும் மட்டும்தான்.

எப்படிச் சோதிப்பது? பிளாஸ்டிக் தலை உள்ள சிறு சுத்தியல் எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழாக, விரற்கடை விரற்கடையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடத்தில் "டக் டக்" என்று கூர்மையாக ஓசை வரும், சுத்தியல் கையில் துள்ளும். கெட்ட இடத்தில் "தொப் தொப்" என்று சத்தம் அமுங்கும், சுத்தியலும் துள்ளாது. காதைவிடக் கை சீக்கிரம் கண்டுபிடிக்கும். சந்தேகமான இடத்தைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு வையுங்கள். போல்ட்டுகளைச் சுற்றி, வடிகால் அடைப்பானைச் சுற்றி, மீன்காட்டியின் உணரி திருகப்பட்ட இடத்தைச் சுற்றி இரண்டு முறை தட்டுங்கள். பிறகு எஞ்சினைப் பாதி தூக்கி நிறுத்தி, கீழ்முனையில் உங்கள் எடையைக் கொடுத்து மெதுவாக அழுத்துங்கள். இன்னொருவர் பின்பலகையின் மேல்விளிம்பைப் பார்க்க வேண்டும். விளிம்பு அசைந்தாலோ, மூலையில் கீறல் திறந்தாலோ அந்தப் பேரம் முடிந்தது.

அடுத்தது ஸ்ட்ரிங்கர்கள். அடியில் நீளவாக்கில் ஓடும் விட்டங்கள். அலையில் விழும் ஒவ்வொரு அடியையும் வாங்குவது இவைதான். தளத்தில் குதிகாலை ஊன்றி நடந்து பாருங்கள், எங்காவது பஞ்சுபோல் இறங்குகிறதா என்று. வெளியே, அடிப்பாகத்தில், ஒன்றுக்கொன்று இணையாக முடிக்கீறல்கள் ஓடினால் உள்ளே விட்டம் விட்டுப்போயிருக்கலாம். ஒரே புள்ளியிலிருந்து நட்சத்திரம்போல் கிளம்பும் கீறல் எங்கோ மோதிய தழும்பு. மேற்பூச்சில் வெயிலில் விழுந்த மெல்லிய வலைக்கீறல் பெரிதில்லை. நிறம் வெளுத்ததைப் பார்த்து ஒரு நல்ல படகை விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, தளத்துக்குக் கீழே ஊற்றிய ஃபோம். மூழ்காமல் இருக்கத்தான் அதைப் போடுகிறார்கள். பல வருடம் ஈரத்தில் கிடந்தால் அதுவே தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும். படகு கூடுதல் கனத்தோடு தாழ்ந்து நிற்கும், ஃபோமுக்குள் புதைந்த அலுமினிய எரிபொருள் தொட்டி அடியிலிருந்து அரிக்கும். இதற்கு நேர்மையான சோதனை எடைமேடைதான். டிரெய்லரோடு நிறுத்துங்கள், படகை இறக்கிவிட்டு வெறும் டிரெய்லரை நிறுத்துங்கள். வித்தியாசத்திலிருந்து எஞ்சின், எரிபொருள், சாமான் கழித்துவிட்டு, கட்டியவர்கள் அந்த மாடலுக்குச் சொன்ன எடையோடு ஒப்பிடுங்கள். நூற்றுக்கணக்கான கிலோ கூடுதலாக வந்தால் அது தண்ணீர்.

கனமான படகு அலையில் அமர்ந்து போகும் என்று மேலே தனிப்படகு எழுதியது உண்மை. ஆனால் ஃபைபரிலும் பலகையிலும் இருக்கும் கனம் வேறு, ஊறிய ஃபோமின் கனம் வேறு.

இரட்டையோடு:

யாரும் கேடமரன் வகையைப் பற்றிப் பேசவில்லையே? இரண்டு மெல்லிய அடி, நடுவே சுரங்கம். உங்கள் குட்டை அலையில் மிதமான வேகத்தில் வெண்ணெய் மாதிரி போகும், நிற்கும்போது உருளாது. என் வாக்கு அதற்குத்தான்.

தனிப்படகு:

நல்ல யோசனைதான். சுரங்கத்தின் கூரை தாழ்ந்திருந்தாலோ, சுமை ஏறி தாழ்ந்தாலோ அங்கே அலை மோதும் சத்தம் வெடி மாதிரி இருக்கும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். பழைய சந்தையில் அவ்வளவாகக் கிடைப்பதும் இல்லை. கிடைத்தால் கட்டாயம் ஓட்டிப் பார்க்கலாம்.

நீலத்துடுப்பு:

இரண்டையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உங்கள் எல்லோருடைய பதிவையும் கைபேசியில் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்தேன்.

19 அடிப் படகு, பின்கோடியில் 11 பாகை. அணியமும் அவ்வளவு கூர்மை இல்லை. எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பையனும் என்கூட வந்திருந்தான். அடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது அன்றைக்குப் போன படகு மாதிரியே இருக்கு" என்றான். அதோடு அதை விட்டுவிட்டேன்.

21 அடி, இடம் 22, வலம் 21. அணியம் கத்தி மாதிரி. எஞ்சின் குளிர்ந்திருந்தது, முதல் சாவியிலேயே கிளம்பியது. கியர் எண்ணெய் தெளிவு. நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கம். தளம் எங்கும் இறங்கவில்லை.

கவலை இரண்டு. தண்ணீரில் இறக்கி நானும் உரிமையாளரும் பின்மூலையில் நின்றோம், ஸ்கப்பர் வழியாகத் தண்ணீர் கணுக்கால்வரை வந்தது. இரண்டாவது, பின்பலகையின் இடதுகீழ் மூலை. உணரி திருகிய இடத்தைச் சுற்றி ஒரு தட்டு அகலத்துக்குச் சத்தம் அமுங்குகிறது. மற்ற இடமெல்லாம் டக் டக்தான். எஞ்சினை அழுத்தியபோது விளிம்பு அசையவில்லை.

உரிமையாளர் நல்ல மனிதர், எதையும் மறைக்கவில்லை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஓட்டிப் பார்க்கலாம் என்கிறார்.

காற்றுத்திசை:

ஏழு மணி வேண்டாம். ஏழு மணிக் கடலில் எந்தப் படகும் நல்ல படகுதான். பதினோரு மணிக்குக் கேளுங்கள், 11 முதல் 16 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) காற்று, அதாவது காற்றின் வலிமையைச் சொல்லும் போஃபர்ட் அளவில் 4 இருக்கும் நாளாகப் பாருங்கள். வெள்ளைநுரை பரவலாகத் தெரியும். அதற்குமேல் காற்று இருந்தால் தெரியாத படகில் போகாதீர்கள். எல்லோரும் மிதவைச் சட்டை போட்டிருக்க வேண்டும், ஓட்டுபவர் கையில் எஞ்சினை நிறுத்தும் கயிறு மாட்டியிருக்க வேண்டும். எரிபொருள் நிறைய, நீங்கள் வழக்கமாகப் போகும் ஆட்கள் எத்தனையோ அத்தனை பேர். இருவர் மட்டும் ஏறி ஓட்டிப் பார்த்தால் வேறொரு படகைச் சோதித்ததாகிவிடும்.

கடலில் ஒரு பெரிய எண்கோணம் போடுங்கள். எட்டுத் திசையிலும் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். நேர் எதிரலை, முன்மூலை, பக்கம், பின்மூலை, பின்னலை எல்லாம் வந்துவிடும். ஒவ்வொரு படகுக்கும் பிடிக்காத திசை ஒன்று உண்டு, அது எது என்று தெரிந்தாக வேண்டும்.

எதிரலையில் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். எந்த வேகத்தில் படகு தண்ணீர்மேல் எழும்பி ஓடுவதை விட்டுவிட்டுப் பின்பக்கம் உட்காருகிறது? 12 நாட்டில்கூட எழும்பியே ஓடுமானால் அது பெரிய வரம். 17 நாட்டிலேயே உட்கார்ந்துவிட்டால், மோசமான நாளில் உங்களுக்கு இரண்டே வழிதான், பறந்து விழுவது அல்லது தவழ்வது. டிரிம் டேப், அதாவது பின்பலகையின் கீழே ஏற்றி இறக்கும் தட்டு, இருந்தால் அதைக் கீழே இறக்கி அணியத்தைத் தாழ்த்துங்கள், கூரான பகுதி வேலை செய்யத் தொடங்கும்.

பின்னலையில் அதற்கு நேர்மாறு. அணியத்தைத் தூக்க வேண்டும். தாழ்ந்த அணியம் முன்னலையின் முதுகில் குத்தினால் படகு சட்டென்று பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். ஆழமான வி படகுகளில் இதை நன்றாகக் கவனியுங்கள். சுக்கான் சக்கரம் கையை இழுக்கிறதா, இல்லையா?

கடைசியில் எஞ்சினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் அலைக்குப் பக்கம் காட்டி மிதக்கவிடுங்கள். யாரும் பேச வேண்டாம். சாய்ந்து எழும்போது நிதானமாக எழுகிறதா, சாய்ந்த இடத்திலேயே ஒரு கணம் யோசிக்கிறதா? யோசித்தால் மேலே கனம் அதிகம். கூரை, விளக்கு, தூண்டில்தாங்கி என்று பிற்பாடு ஏற்றியவை இருக்கும்.

பழையஏரா:

தட்டு அகலம் என்றால் இன்னும் காப்பாற்றக்கூடியது. அந்த உணரியின் ஒரு திருகைக் கழற்றச் சொல்லுங்கள். ஓட்டையிலிருந்து ஈரம் கசிகிறதா, தூள் என்ன நிறம்? வெளிர்மஞ்சள் நல்லது, காபித்தூள் நிறம் கெட்டது. ஈரமானி வைத்திருக்கும் படகு சர்வேயர் (படகின் நிலையைச் சோதித்துச் சொல்பவர்) ஒருவரை உங்கள் செலவில் கூட்டிப்போங்கள், உரிமையாளர் சொல்பவரை வேண்டாம். பின்பலகை நனைந்திருந்தால் அதோடு சேரும் ஸ்ட்ரிங்கரின் கடைசி ஒரு அடியும் நனைந்திருக்க வாய்ப்பு உண்டு. அதையும் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நீலத்துடுப்பு:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

ஓட்டிப் பார்த்தோம். காற்று 14 நாட். நான்கு பேர், தொட்டி நிறைய எரிபொருள். எதிரலையில் 16 நாட்டில் போனபோது ஒரு அலையின் உச்சியில் படகு வெளியே வந்தது. எனக்குப் பழைய ஞாபகத்தில் பல் இறுகிவிட்டது. விழுந்தது தெரிந்தது, அடிக்கவில்லை. இரண்டு பக்கமும் தண்ணீர் விசிறிபோல் விரிந்து போயிற்று. 13 நாட்வரை எழும்பியே ஓடியது. பிடிக்காத திசை பின்மூலை அலை. சக்கரம் கையை இழுக்கிறது, அணியத்தைத் தூக்கியதும் குறைந்தது. மிதக்கும்போது உருளுகிறது, தனிப்படகு அண்ணன் சொன்ன மாதிரியேதான், ஆனால் உடனே எழுந்துவிடுகிறது.

சர்வேயர் வந்தார். உணரியின் திருகு ஓட்டையிலிருந்து பழுப்புநீர் வந்தது. பின்பலகையில் இடதுகீழ் மூலை மட்டும் ஈரம். பில்ஜுக்குள், அதாவது தளத்துக்குக் கீழே தண்ணீர் தேங்கும் அடிப்பள்ளத்துக்குள், கையை விட்டு ஸ்ட்ரிங்கரின் முனையில் சிறு துளை போட்டார், தூள் வெளிர்மஞ்சளாக, காய்ந்து வந்தது. எடைமேடையில் சொன்ன எடையைவிட 60 கிலோ கூடுதல். பழைய பேட்டரி, கயிறு, இரண்டாவது நங்கூரம் எல்லாம் உள்ளேயே இருந்ததால் அது ஈரம் இல்லை என்றார். பின்பலகையை முழுதாகப் புதுப்பிக்க ஆகும் தொகையை உரிமையாளர் விலையில் குறைத்துக்கொண்டார். வாங்கிவிட்டேன்.

இப்போது படகு பட்டறையில் இருக்கிறது. பின்பலகை முழுதும் மாறுகிறது. ஒரு கேள்விதான் பாக்கி. ஸ்கப்பரில் தண்ணீர் ஏறுவதை என்ன செய்வது?

காற்றுத்திசை:

பின்னால் இருக்கும் கனத்தையெல்லாம் முன்னால் கொண்டுபோங்கள். பேட்டரி எங்கே இருக்கிறது? அந்தக் காலப் படகுகளில் பெரும்பாலும் பின்மூலையில் இருக்கும். ஒவ்வொன்றும் இருபது, இருபத்தைந்து கிலோ. ஓட்டுமேசைக்குள் நகர்த்தித் தடித்த கம்பி போடுங்கள், தூரம் கூடினால் மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் விழும். ஸ்கப்பரின் வெளிவாயில் ஒருவழி மடல் மாட்டுங்கள். பில்ஜில் தானாக இயங்கும் மிதவைச் சுவிட்ச் உள்ள பம்ப் இரண்டு, தனித்தனி பேட்டரியில். பட்டறையில் இருக்கும்போதே செய்துவிடுங்கள்.

பழையஏரா:

புதுப் பின்பலகையில் உணரிக்குத் திருகு போடவிடாதீர்கள். ஒரு சிறு பலகையை வெளியே ஒட்டி, உணரியை அதில் திருகச் சொல்லுங்கள். இனி எத்தனை முறை உணரியை மாற்றினாலும் தோலில் ஓட்டை விழாது.

நீலத்துடுப்பு:

நேற்று தண்ணீரில் இறக்கினோம். பேட்டரி இரண்டும் ஓட்டுமேசைக்குள், இரண்டாவது நங்கூரம் வீட்டில். பையனும் நானும் உரிமையாளராக இருந்தவரும் மூவருமாகப் பின்மூலையில் நின்றோம். ஸ்கப்பர் ஓட்டை நீர்மட்டத்துக்கு மேலே நாலு விரல் நின்றது. பையன் குனிந்து விரல் வைத்து அளந்தான், இரண்டு முறை.